பெரியவர்களின் மேசைக்கும் ஜிக்சா வரட்டும்

நம் வீடுகளில் ஜிக்சாவுக்கு எழுதப்படாத வயது வரம்பு ஒன்று இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு மரப்பலகையில் யானையையும் மாம்பழத்தையும் பொருத்தும் புதிர் வாங்கித் தருகிறோம். ஏழெட்டு வயதில் மாநிலம் மாநிலமாக வெட்டிய இந்திய வரைபடம் வருகிறது. பத்து வயதைத் தாண்டியதும் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு யாராவது ஆயிரம் துண்டுப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினால், “இந்த வயசுல இது எதுக்கு?” என்ற கேள்வி வராமல் இருக்காது. அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: மூளைக்கு நல்லது, ஞாபகசக்தி வளரும், வயதான காலத்தில் மறதி வராது. இந்தப் பதிலை விட்டுவிடலாம் என்கிறேன். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது ஒரு காரணம். ஜிக்சா உண்மையில் தருவதை அது மறைத்துவிடுகிறது என்பது இன்னும் பெரிய காரணம். ஊன்றிப் பார்ப்பதையே உழைப்பாகக் கொண்ட, முடிவு நிச்சயம் உண்டு என்று தொடங்கும்போதே தெரிந்த ஒரு வேலை, வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்று வேறெங்கும் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்கு ஜிக்சா தேவைப்படுவது அதனால்தான்.

மூளை பற்றிய பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் உல்ம் நகரில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த விஷயத்தில் கவனமாகச் செய்யப்பட்டவற்றில் சேரும். 50 வயதை எட்டிய, மறதி நோய் இல்லாத 100 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் 30 நாள், நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஜிக்சா சேர்த்தார்கள். கூடவே மூளை நலம் பற்றிய பொதுவான ஆலோசனையும் பெற்றார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஆலோசனை மட்டும். ஜிக்சா நன்றாகச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, ஓர் உருவத்தை மனதுக்குள் சுழற்றிப் பார்ப்பது, வடிவங்களை வேகமாக ஒப்பிடுவது, பார்த்ததை நினைவில் நிறுத்துவது போன்ற திறன்களும் நன்றாக இருந்தன. வாழ்நாளில் நிறையச் சேர்த்தவர்களிடமும் இடமும் வடிவமும் சார்ந்த திறன் கூடுதலாகவே தெரிந்தது. ஆனால் அந்த ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு இரு பிரிவினருக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. ஆளுக்குச் சராசரியாக 3,600 துண்டு அளவுக்குச் சேர்த்த பிறகும் தென்படவில்லை. வாழ்நாள் பழக்கம் பற்றிய கண்டுபிடிப்பும் காரணத்தைச் சொல்லிவிடவில்லை. ஜிக்சாவால் திறன் வந்ததா, திறன் இருந்ததால் ஜிக்சா பிடித்துப்போனதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மருந்தாக இதை யாருக்கும் எழுதிக்கொடுக்க இப்போதைக்கு முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் ஆதாரம் இதைவிட வலுவானது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 குழந்தைகளை, இரண்டு வயதைத் தாண்டியதிலிருந்து நான்கு வயதை நெருங்கும்வரை, அவரவர் வீட்டில் பெற்றோருடன் இருக்கும்போதே தவணைக்கு 90 நிமிடம் வீதம் கவனித்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. புதிர் விளையாடிய குழந்தைகள், நாலரை வயதில் வடிவங்களைத் திருப்பியும் நகர்த்தியும் சேர்த்தால் என்ன உருவம் கிடைக்கும் என்று கண்டுபிடிக்கும் சோதனையில் மேலாகச் செய்தார்கள். பெற்றோரின் படிப்பு, வருமானம், அவர்கள் பிள்ளையோடு பேசும் பேச்சின் அளவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. நம்மவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் புதிர் விளையாடினார்கள். ஆனால் விளையாட்டின் தரம் ஆண் குழந்தைகளுக்கே கூடுதலாக இருந்தது. புதிர் எவ்வளவு கடினம், பெற்றோர் எவ்வளவு ஈடுபட்டார்கள், ‘மூலை’, ‘வளைவு’, ‘திருப்பு’ என்று இடமும் வடிவமும் குறித்த சொற்களை எவ்வளவு பேசினார்கள் என்பதைச் சேர்த்து அளந்த தரம் அது. நம் வீடுகளில் நிலைமை வேறாக இருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. பெண் குழந்தைக்கும் கடினமான பெட்டியையே வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆனால் நம் கேள்வி பெரியவர்களைப் பற்றியது. மூளைக்கு மருந்து என்ற வாதத்தை விட்டுவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்பதற்கு மேசையைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் ஆயிரம் என்று போட்டிருந்தாலும், பல பெட்டிகளில் நீளவாட்டில் 38, அகலவாட்டில் 27 என்று 1,026 துண்டுகள் இருக்கும். படத்தின் நீள அகலத்துக்கு அந்தக் கணக்குதான் ஒத்துவருகிறது. இவற்றில் ஒரு பக்கமாவது நேர்க்கோடாக வெட்டுப்பட்டவை 126. மீதி 900மும் உட்புறம். எல்லாவற்றையும் படம் தெரியும்படி புரட்டிப் போடும்போதே கண் வகை பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. ஓரத் துண்டுகளைக் கொண்டு சட்டத்தைக் கட்டிவிட்டால், அடுத்து முகம், எழுத்து, ஜன்னல், ஓட்டுக்கூரை என்று அடையாளம் உள்ள இடங்கள் ஒவ்வொன்றாக எழும்பும். இதுவரை சுலபம். கடைசியில் மிஞ்சுவது வானமும் தண்ணீரும் புல்லும். தொடக்கத்தில் ஒரே நீலமாகத் தெரிந்த குவியலை வெகுநேரம் குனிந்து பார்த்த பிறகு அதில் பல நீலங்கள் பிரியத் தொடங்குகின்றன. மேகத்தை ஒட்டியது சாம்பல் கலந்து இருக்கிறது. அடிவானத்துக்கு அருகில் இருப்பது வெளிறி, மஞ்சளை நோக்கிப் போகிறது. உச்சியில் இருப்பது கறுப்பை நெருங்குகிறது. துண்டில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. பார்க்கிற கண்தான் கூர்மையாகியிருக்கிறது.

நிறம் முற்றிலும் கைவிடும் இடத்தில் வடிவம் கைகொடுக்கும். வரிசையாக வெட்டிய ஜிக்சாவில் உட்புறத் துண்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் துருத்திய காதோ அதை வாங்கும் குழியோ இருக்கும். நான்கும் காது, நான்கும் குழி, மூன்றும் ஒன்றும், ஒன்றும் மூன்றும், எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு என்று மொத்தம் ஆறே வகை. அனுபவம் உள்ளவர்கள் வானத்தை இந்த ஆறு வகையாகப் பிரித்து அடுக்கிவைத்துக்கொண்டு, காலி இடம் எந்த வகையைக் கேட்கிறதோ அந்த வரிசையை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1,026 துண்டுகளில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்கக்கூடிய இணைகள் 5,25,825. யாரும் அத்தனையையும் கையால் முயல்வதில்லை. மிகப் பெரும்பாலானவற்றைக் கண் தொடாமலே தள்ளிவிடுகிறது. துண்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் இணைகள் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 2,000 துண்டு ஜிக்சா இரண்டு ஆயிரம் துண்டு ஜிக்சாக்களுக்குச் சமமில்லை என்று சேர்த்தவர்கள் சொல்வது இதனால்தான். தள்ளக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலையின் திறமை. விடையைச் சரிபார்ப்பதற்கு ஆசிரியரோ மதிப்பெண்ணோ தேவையில்லை. தவறான இடத்திலும் சில துண்டுகள் உட்கார்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் அடுத்த பக்கத்துக்கு வர வேண்டிய துண்டு வர மறுக்கும்போது பிழை தானாக வெளிவந்துவிடும். தன் பிழையைத் தானே கண்டு, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு ஒரு பெரியவருக்கு நாளில் எத்தனை முறை கிடைக்கிறது?

முடிவு உண்டு என்பதும் இதே அளவுக்கு முக்கியம். அலுவலகக் கோப்பு ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கிறது. சமையலறை வேலைக்கு முற்றுப்புள்ளி கிடையாது. ஓர் ஆசிரியரின் உழைப்பு முடிந்ததா என்று அவருக்கே இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும். பெர்லினில் மரியா ஒவ்சியாங்கினா என்ற உளவியலாளர் 1928இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு வேலையின் நடுவில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமல், பரிசு ஏதும் இல்லாமல், வாய்ப்புக் கிடைத்ததும் அதற்கே திரும்பிப் போகிறார்கள் என்பது அவர் கண்டது. பாதியில் விட்ட வேலைதான் நன்றாக நினைவில் நிற்கும் என்று அவருடைய சக ஆய்வாளர் ப்ளூமா செய்கார்னிக் சொன்னது பின்வந்த சோதனைகளில் உறுதிப்படவில்லை. திரும்பிப் போகும் இந்த உந்துதல் மட்டும் உறுதிப்பட்டிருக்கிறது. “இன்னும் ஒரே ஒரு துண்டு” என்று நள்ளிரவு தாண்டியும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது இதே உந்துதல்தான். கைபேசியும் இதைத்தானே செய்கிறது, இதுவும் ஒரு போதைதானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனால் அடி தட்டாது. தட்டாதபடிதான் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஜிக்சாவில் 1,026ஆவது துண்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. முடிக்கும் ஆசையை முடிய விடாமல் சுரண்டுவதும், அதே ஆசைக்கு ஒரு முடிவைக் கொடுப்பதும் ஒன்றாகிவிடாது.

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. ஜிக்சா பிறந்தது வகுப்பறைக்காக. 1760களில் லண்டனில் வரைபடங்களைச் செதுக்கி அச்சிட்டு வந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, வரைபடத்தை மெல்லிய மகாகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளை ஒட்டி வாளால் அறுத்து, புவியியல் கற்பிக்கும் கருவியாக விற்றார். விலை குறைவாக வேண்டும் என்பவர்களுக்குக் கடல் பகுதியை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் கொடுத்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த லேடி சார்லட் ஃபின்ச் இப்படிப்பட்ட வரைபடங்களை வைத்துப் பாடம் நடத்தினார். அவற்றை வைத்திருந்த அலமாரி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1814இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில், பணக்கார உறவினர் வீட்டுக்கு வரும் ஏழைச் சிறுமி ஃபேனிக்கு ஐரோப்பா வரைபடத்தைச் சேர்க்கத் தெரியவில்லை என்று அவளுடைய தாயின் சகோதரி மகள்கள் வியந்து ஏளனம் செய்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை என்பதற்கான அடையாளமாக அது ஆகியிருந்தது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் இந்திய வரைபடப் புதிர் ஸ்பில்ஸ்பரியின் நேரடி வாரிசு. அவருடையதைப் போலவே அதற்கும் காலாவதித் தேதி உண்டு: 2013இல் வாங்கிய பெட்டியில் தெலங்கானாவுக்குத் தனித் துண்டு கிடையாது.

பெரியவர்கள் இதைக் கையில் எடுத்தது 1908 வாக்கில், அமெரிக்காவில். அப்போதும் மரம்தான், கையால் அறுத்ததுதான். 500 துண்டுப் புதிர் ஒன்று 5 டாலர். சாதாரணத் தொழிலாளியின் மாதச் சம்பளமே 50 டாலர். பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1909இல் தன் மற்ற விளையாட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டு ஜிக்சாவை மட்டும் செய்யும் அளவுக்கு அந்த மோகம் இருந்தது. ஆனாலும் அது பணக்காரர்களின் வரவேற்பறையைத் தாண்டவில்லை. தாண்டியது, பணமே இல்லாமல் போன காலத்தில். 1930களின் தொடக்கத்தில் பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவில் நான்கில் ஒருவரின் வேலையைப் பறித்திருந்தபோது, அட்டையில் அச்சிட்டு இயந்திரத்தில் வெட்டிய மலிவான ஜிக்சாக்கள் வந்தன. 25 சென்டுக்கு வாரம் ஒரு புதிய படம், பத்திரிகைக் கடையில், நம் வார இதழ்கள் வருவதைப் போலவே குறித்த கிழமையில் வந்தது. 1933இன் தொடக்கத்தில் விற்பனை வாரத்துக்கு ஒரு கோடியை எட்டியது. வேலை இழந்த தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் வீட்டுப் பட்டறையில் மரப்புதிர் அறுத்து விற்றார்கள். மருந்துக் கடைகளும் வாடகை நூலகங்களும் ஓர் இரவுக்குச் சில சென்ட் வாங்கிக்கொண்டு புதிர்களைக் கடன் கொடுத்தன.

மலிவாகப் பொழுதுபோக ஏதாவது கிடைத்தால் போதும் என்று வாங்கியிருப்பார்கள், இதில் பெரிய அர்த்தம் தேடக் கூடாது என்று சொல்லலாம். ஆனால் அதே ஆண்டுகளில் வானொலி வீடு வீடாக இருந்தது. காதை மட்டும் கொடுத்தால் போதும், கட்டணமும் இல்லை. சினிமாவும் அந்த 25 சென்டுக்குள் அடங்கும். உட்கார்ந்தபடி வாங்கிக்கொள்ளும் கேளிக்கை இவ்வளவு இருக்கும்போது, கண்ணும் கையும் வலிக்க உழைக்க வேண்டிய ஒன்றை வாரம் ஒரு கோடிப் பெட்டி வாங்கினார்கள் என்றால், அவர்கள் தேடியது பொழுது கழிவதை மட்டும் அல்ல. வேலை பறிபோனவருக்குக் கூலியோடு இன்னொன்றும் பறிபோகிறது. தொடங்கியதைத் தன் கையால் முடித்தேன் என்ற நிறைவு அது. மேசைமேல் ஒரு வாரத்துக்காவது அது திரும்பக் கிடைத்தது என்றே இந்த விற்பனையை நான் வாசிக்கிறேன். 2020இல் ஊரடங்கின்போதும் இதே கதை திரும்பியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜிக்சா கடையில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அப்போது ஒவ்வொருவர் கையிலும் திரைப்படங்கள் வரம்பில்லாமல் கொட்டிக்கிடந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. படத்தை வரைந்தவர் வேறு ஒருவர். வெட்டியவர் வேறு ஒருவர். சேர்ப்பவர் புதிதாக எதையும் படைக்கவில்லையே, ஏற்கெனவே முழுதாக இருந்ததைத் திரும்ப முழுதாக்குவதில் என்ன பெருமை என்கிறார்கள். படைப்பு நடக்கவில்லை என்பது சரி. வாசிப்பிலும் நடப்பதில்லை, அதற்காக வாசிப்பை யாரும் தாழ்த்திப் பேசுவதில்லை. ஜிக்சா சேர்ப்பவர் இரண்டு பேரை ஒரே நேரத்தில் வாசிக்கிறார், ஓவியரையும் வெட்டியவரையும். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1978இல் வெளிவந்த தன் பெரிய நாவலின் முகப்பில் வாதாடுவது இதைத்தான்: சேர்ப்பவர் தனியாக விளையாடவில்லை, அவருடைய ஒவ்வொரு தயக்கத்தையும் ஏமாற்றத்தையும் வெட்டியவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார். பார்க்கர் பிரதர்ஸ் பட்டறையில் மரம் அறுத்த பெண்கள் இதைச் செய்துகாட்டினார்கள். சிவப்புச் சட்டையும் பச்சைப் புல்லும் சந்திக்கும் கோட்டின் மேலேயே வாளை ஓட்டினால், இரண்டு துண்டும் அடுத்தடுத்து வரும் என்பதற்கான தடயமே இல்லாமல் போகும். நிறத்தை நம்புகிறவரை நிறத்தாலேயே ஏமாற்றும் வித்தை அது. 1964இல் ஸ்பிரிங்பாக் நிறுவனம் ஜாக்சன் பொல்லாக்கின் அரூப ஓவியம் ஒன்றை 340 துண்டுகளாக்கி வெளியிட்டது. எண்ணிக்கை சிறியது, ஆனால் முகமோ மரமோ அடிவானமோ எதுவும் இல்லாத படம். அதைச் சேர்த்த பல்லாயிரம் பேர் அந்த ஓவியத்தின் ஒவ்வொரு தெறிப்பையும் எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அருங்காட்சியகச் சுவரில் அதே ஓவியத்தின் முன் நிற்பவர் அந்த நேரத்தில் ஒரு சிறு பங்கைக்கூடக் கொடுப்பதில்லை.

இன்றைய அட்டைப் புதிரில் வெட்டுபவர் மறைந்துவிட்டாரே என்றால், முழுக்க மறையவில்லை. எஃகுப் பட்டைகளை ஆள் ஒருவர் கையால் வளைத்து, பலகையில் பதித்துத்தான் வெட்டச்சு செய்கிறார்கள். அந்த அச்சை அழுத்து இயந்திரத்தில் வைத்து, படம் ஒட்டிய அட்டையை ஒரே அழுத்தில் துண்டாக்குகிறார்கள். ஒரே அச்சைப் பல படங்களுக்கும் பயன்படுத்துவதால், ஒரு பெட்டியின் துண்டு இன்னொரு பெட்டியின் அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும். அமெரிக்கக் கலைஞர் டிம் க்ளைன் இந்த விவரத்தைப் பிடித்துக்கொண்டு, வெவ்வேறு பெட்டிகளின் பகுதிகளைக் கலந்து, இரண்டு படங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த விசித்திரமான படங்களைச் செய்துவருகிறார். தொழிற்சாலைச் சிக்கனத்திலிருந்து ஒரு கலை முளைத்திருக்கிறது.

கடைசியில் கலைத்துப் பெட்டிக்குள்தானே போடப்போகிறோம் என்பதே வீட்டில் அதிகம் கேட்கும் ஆட்சேபம். சிலர் அதற்குப் பயந்து பசை தடவிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அந்தப் படம்தான் வேண்டும் என்றால் வெட்டுக்கோடு இல்லாத அச்சுப் பிரதி குறைந்த விலைக்குக் கிடைக்கும். விடியலில் வாசலில் போடும் கோலம் மாலைக்குள் காலடியில் அழிவதைப் பார்த்து யாரும் அந்த உழைப்பை வீண் என்று சொன்னதில்லை. பெரெக்கின் நாவலில் பார்ட்ல்பூத் என்ற செல்வந்தர் இந்தக் கருத்தை அதன் எல்லைவரை கொண்டுபோகிறார். பத்தாண்டு நீர்வண்ணம் பயின்று, இருபதாண்டு 500 துறைமுகங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் 750 துண்டு ஜிக்சாவாக வெட்டச் செய்து, அடுத்த இருபதாண்டு அவற்றைச் சேர்த்து, சேர்த்த படத்தை வரைந்த இடத்துக்கே அனுப்பி வண்ணத்தைக் கரைத்து வெற்றுத்தாளாக்குவது அவர் திட்டம். 439ஆவது புதிரில், கையில் இருக்கும் துண்டு எஞ்சிய குழிக்குப் பொருந்தாத நிலையில் இறந்துபோகிறார். பார்ட்ல்பூத்தை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் தோற்பது முழு வாழ்க்கையையும் ஒரு புதிராக்கிக்கொண்டதால். பத்து நாளில் முடிந்து, பெட்டிக்குத் திரும்பி, இன்னொருவர் கைக்குப் போகும் ஜிக்சாவுக்கு அந்த ஆபத்து இல்லை.

கணினி இதை நொடியில் செய்துவிடுமே என்பது இந்தக் காலத்து ஆட்சேபம். முயற்சி பழையது, படமே இல்லாத துண்டுகளை வடிவத்தை மட்டும் வைத்துச் சேர்க்கும் நிரல்முறையை ஃப்ரீமனும் கார்டரும் 1964இலேயே வெளியிட்டார்கள். கடையில் வாங்கும் ஜிக்சாவை இன்று கணினி சேர்க்கும்தான். ஆனால் துண்டுகள் ஒழுங்கற்று, பாதி தொலைந்து, நிறம் மங்கிப்போனால் கதை மாறுகிறது. 1989இல் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி, ஆட்சி கவிழ்வதைப் பார்த்துத் தன் கோப்புகளை அவசரமாகக் கிழித்தது. மீட்கப்பட்ட கிழிசல்கள் ஏறக்குறைய 16,000 மூட்டை. 1995 முதல் நியூரம்பர்க் அருகே சிர்ன்டார்ஃபில் ஊழியர்கள் உட்கார்ந்து, காகிதத்தின் நிறம், கோடு, கையெழுத்து, கிழிந்த விளிம்பு ஆகியவற்றைப் பார்த்துக் கையாலேயே ஒட்டினார்கள். அப்படி மீண்ட பக்கங்கள் 15 லட்சத்தைத் தாண்டின. பெரும் செலவில் உருவாக்கிய கணினி முறையால் மீண்டது அதில் சிறு பங்கே. 2011இல் அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்பா, பொடியாக வெட்டிய ஐந்து ஆவணங்களை மீட்க 50,000 டாலர் பரிசு அறிவித்தபோது வென்ற குழுவும், கணினி பரிந்துரைக்க மனிதர் கண் தீர்மானிக்கும் முறையைத்தான் கையாண்டது. யார் தன்னை வேவு பார்த்தார்கள் என்று ஒரு குடிமகன் தெரிந்துகொள்ள, ஓர் ஊழியர் கிழிசலின் விளிம்பை இன்னொன்றோடு பொருத்திப் பார்த்த பார்வையும், விடுமுறை நாளில் வானத்துத் துண்டைத் தேடும் பார்வையும் ஒரே பார்வை.

வேகப் போட்டிகளையும் சொல்ல வேண்டும். 2019 முதல் ஸ்பெயினின் வயடோலிட் நகரில் உலக ஜிக்சா போட்டி நடக்கிறது. தனிநபர் பிரிவில் 500 துண்டு. முன்னணியில் வருகிறவர்கள் 40 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். மெதுவாகச் சேர்ப்பதே எனக்கு உகந்தது என்றாலும் இந்தப் போட்டியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இது அதிர்ஷ்டம், பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு அது போதுமான மறுப்பு.

தனிமையில் மூழ்க வைக்கும் பழக்கம் என்ற குறையும் சொல்வார்கள். நான்கு பேர் ஒரே சதுரங்கப் பலகையில் விளையாட முடியாது. ஒரே நாவலை ஒரே நேரத்தில் வாசிக்க முடியாது. ஒரே ஜிக்சாவைச் சேர்க்க முடியும். பன்னிரண்டு வயதுப் பேத்தி ஓரங்களைக் கட்ட, தாத்தா கட்டடத்தை எடுத்துக்கொள்ள, வழியில் நின்ற மருமகள் போகிற போக்கில் ஒரு துண்டைப் பொருத்திவிட்டு அடுப்புக்குப் போகலாம். ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தயங்குகிறவர்கள், பார்வை மேசைமேல் இருக்கும்போது பேசிவிடுவதும் உண்டு. தோற்பவர் யாரும் இல்லை என்பதால் வயதோ படிப்போ இதில் குறுக்கே வருவதில்லை.

மிஞ்சுவது விலையும் இடமும். இடப் பிரச்சினைக்கு வழி உண்டு. சேர்த்த ஆயிரம் துண்டுப் படம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர். அதைவிடச் சற்றுப் பெரிய பிளைவுட் பலகை ஒன்றில் வேலையை வைத்துக்கொண்டால், சாப்பாட்டு நேரத்தில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். விலைதான் உண்மையான தடை. நல்ல அட்டையில், நேர்த்தியான அச்சில் வெட்டிய பெட்டி இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. ஒருமுறை சேர்த்ததும் பல மாதம் சும்மா கிடக்கும் பொருளுக்கு அவ்வளவு கொடுக்க நடுத்தரக் குடும்பம் யோசிப்பது நியாயம். ஆனால் சும்மா கிடக்கும் என்பதே இதற்கான தீர்வையும் காட்டுகிறது. பெருமந்தக் காலத்து வாடகை நூலகங்கள் அதைக் கண்டுகொண்டன. பிரிட்டனில் 1933இல் தொடங்கிய ஜிக்சா நூலகம் உறுப்பினர்களுக்கு மரப்புதிர்களைச் சுற்றுக்கு விட்டது, அதுவும் மூடியில் படம் இல்லாமல். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பெரியவர்கள் பகுதியில் ஒரு நீண்ட மேசையும், வீட்டுக்கு எடுத்துப்போக ஐம்பது பெட்டிகளும் வைப்பது பொது நூலகத் துறைக்குப் பெரிய செலவில்லை. துண்டு தொலையாதா என்றால், தொலையும். திருப்பித் தருகிறவர் எத்தனை துண்டு குறைகிறது, படத்தில் எந்த இடத்தில் என்று மூடியின் உட்புறம் எழுதி வைத்துவிட்டால் போதும். அடுத்து எடுத்துப்போகிறவர் இல்லாத துண்டைத் தேடி இரவைக் கழிக்க வேண்டியிருக்காது.